நான்கு முறை அலசிய சோளம்

சாயம் போய்விட்டால் விஷமும் போய்விடும் என்று நம்பினேன்... நான்! இருபது ஆண்டுகளாகப் பிள்ளையார்பாளையத்தில் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவன்! இந்த முட்டாள்தனத்துக்கு நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். இதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது. அதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

பின்தெருத் தேவகி அக்காவுக்கு ஒரே ஒரு கறவை மாடு, செவலை. அந்தப் பாலை வீடு வீடாக ஊற்றித்தான் அவள் பிழைப்பு. கோடையில் பச்சைப்புல் ஏது? வெறும் வைக்கோலைத் தின்று மாடு வற்றிக்கொண்டே வந்தது. கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு நான் மார்தட்டினேன்.

"மண்ணே வேணாங்க்கா! தட்டுல மக்காச்சோளத்தப் பரப்பித் தண்ணி தெளிச்சா எட்டே நாள்ல காடு!"

"எட்டு நாள்ல உன் மூஞ்சில புல்லு மொளைக்கும், போப்பா!" என்றாள்.

கடையில் தின்கிற சோளம் தீர்ந்திருந்தது. விதைச்சோளம்தான் கிடைத்தது, ரோஜா நிறத்தில். தொட்டால் கையில் ஒட்டியது. நிறத்தைக் கண்டு எனக்கா பயம்? விஷம் ஏதாவது இருந்தாலும் நிறத்தோடு போய்விடும் என்று அலசினேன். மூன்று தண்ணீர் சிவந்தது, நான்காவது தெளிந்தது. வெற்றி! தட்டுகளில் பரப்பிப் பட்டறை நிழலில் வைத்து, வெக்கை தாக்காமல் ஈரக் கோணியைத் தொங்கவிட்டு, வேளை தவறாமல் தண்ணீர் தெளித்தேன். எட்டாம் நாள் வேரெல்லாம் பின்னிக்கொண்டு, பாயைப்போல் சுருட்டி எடுக்கும்படி பச்சைப்பசேலென நின்றது பயிர். இரண்டு தட்டுகளை அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். வழியெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை காலி விதைப்பையை மடிக்கும்போதுதான் அடியில் இருந்த எழுத்தைப் படித்தேன். மருந்து கலந்த விதையாம்... அலசினாலும் தீவனமாகப் பயன்படுத்தக் கூடாதாம்!

ஓடினேன். ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் என் மனைவியுடையது.

அங்கே செவலை வயிறு உப்பிப் படுத்திருந்தது. வாயில் நுரை. கால்நடை மருத்துவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மருத்துவர் என் பக்கம் திரும்பினார்.

"வேற எதனா தின்னுச்சா? மருந்து கிருந்து? தெரிஞ்சா சொல்லுப்பா, அதுக்கேத்த ஊசி போடணும்."

தெரியும்! நாக்கின் நுனியில் இருந்தது! நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"தெரியலையே சார்."

இந்த மாடு போனால் அக்கா எதைக்கொண்டு பிழைப்பாள் என்று நான் எண்ணவில்லை... வழியெல்லாம் பீற்றிக்கொண்டவனை ஊர் பார்த்துச் சிரிக்குமே என்றுதான் எண்ணினேன். இவ்வளவு சின்னவனா நான்?

மருத்துவர் மாட்டின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "சோறு வெச்சியாம்மா?"

"கல்யாண மண்டபத்துல மிஞ்சினது சார், ஒரு அண்டா... கெட்டுப்பூடுமேன்னு அத்த மொதல்ல வெச்சேன். தம்பி குடுத்த பயிர இன்னிக்குப் போடலாம்னு அப்படியே வெச்சுக்கினு இருக்கேன்."

"அதான்! சோறு உள்ள போய்ப் புளிச்சு உப்பிடுச்சு. இனிமே மாட்டுக்குப் பந்தி போடாத தாயே!"

சோடா உப்பைக் கரைத்துப் புகட்டினார். மதியத்துக்குள் செவலை எழுந்து நின்றது.

"பூஞ்சை புடிச்சிருக்குதுக்கா" என்று இன்னொரு பொய் சொல்லித் தட்டுகளைத் திரும்ப எடுத்துவந்து, பயிரைக் குழி தோண்டிப் புதைத்தேன். அன்றிலிருந்து தின்கிற சோளம் மட்டும்தான். அக்கா வீட்டுக்குப் பயிர் தவறாமல் போகிறது, பாலும் குறையவில்லை. "இந்தத் தம்பி இல்லாங்காட்டி மாட்ட வித்திருப்பேன்" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறாள். தினமும் என் வீட்டுக்கு ஒரு டம்ளர் பால் கூடுதலாக ஊற்றுகிறாள்... அதை நான் குடிக்கிறேன்.

யாரென்றே தெரியாத அந்த மணமக்களுக்கு, அன்று சோற்றை மிஞ்சவிட்ட விருந்தாளிகளுக்கு, அதை வீணாக்க மனம் வராத அக்காவுக்கு... எத்தனை பேருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்! தினமும் சொல்கிறேன், மனசுக்குள்.

செவலை என் பயிரில் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. தின்றுவிட்டது என்று நம்பிக்கொண்டேதான் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.