எருமப்பட்டி டைனமோவும் பெருமாயியும்

எருமப்பட்டிக்குக் கிழக்கே கந்தப்பக் கவுண்டர் தோட்டத்துக்கு 1938இல் ஆயில் என்ஜின் வந்தது. பகலில் அது கிணற்றுநீரை இறைக்கும். பொழுது சாய்ந்ததும் பெல்ட்டைப் பம்பிலிருந்து கழற்றி டைனமோவுக்கு மாட்டுவார்கள். வீட்டில் பன்னிரண்டு பல்புகள் எரியும்.

என்ஜின் கொட்டகையைக் கூட்டித் துடைக்கும் வேலை பெருமாயிக்கு. நாற்பது வயது, புருஷன் இல்லை. விளக்கில் எண்ணெயும் ஊற்றவில்லை, திரியும் போடவில்லை, பிறகு எப்படி விளக்கு எரிகிறது என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. என்ஜினைப் பழுது பார்க்க அம்மாபேட்டையிலிருந்து வரும் பிட்டர் மாரியப்பனிடம் கேட்டாள். அவன் மூடியைக் கழற்றிக் காட்டினான்.

"உள்ள காந்தம் இருக்கும்மா. அதுக்கு நடுவுல செம்புக் கம்பி சுத்தின இந்த உருளை ஓடணும். ஓடுற வரைக்கும் கம்பியில கரண்ட் பொறக்கும்."

"அப்ப சுத்தறதுதான் வெளிச்சமா மாறுதுங்களா?"

"அதேதான்."

அடுத்த தை மாதம் கவுண்டர் மகள் பாப்பாயிக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் கரண்ட் விளக்கைப் பார்க்கவென்றே உறவுக்காரர்கள் பந்தலில் கூடிவிட்டார்கள். பெல்ட் வழுக்குகிறதென்று மாரியப்பன் அதை எட்டு வடிவில் குறுக்காக மாட்டியிருந்தான். என்ஜின் ஓடியது, டைனமோ சுழன்றது. ஒரு பல்புகூட எரியவில்லை. மீட்டர் முள் அசையவில்லை. ஒவ்வொரு ஒயராக இரண்டு முறை சோதித்துவிட்டான். கவுண்டர் வந்து கொட்டகை வாசலில் நின்றார்.

அப்போது பெருமாயி சொன்னாள், "ஏனுங்க, டைனமோ மறுபக்கமாச் சுத்துதுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் மாரியப்பன்.

"டைனமோ அச்சுக்குப் போடற எண்ணெய் எப்பவும் கெழக்குச் செவுத்துலதான் தெறிக்கும். தெனமும் தொடைக்கறவ நானுங்க. இன்னிக்கு மேக்குச் செவுத்துல தெறிச்சிருக்குது பாருங்க."

மாரியப்பன் சுவரைப் பார்த்தான், பெல்ட்டைப் பார்த்தான், நெற்றியில் அடித்துக்கொண்டான். குறுக்காகப் போட்டால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுழலும். டைனமோவின் காந்தம் வெறும் இரும்புதான்; அதில் தங்கியிருக்கும் கொஞ்சநஞ்சக் காந்த சக்தி, உருளை சரியான பக்கம் சுழன்றால்தான் வலுத்துக் கரண்ட் கொடுக்கும். எதிர்ப்பக்கம் சுழன்றால் அடங்கிவிடும். அவன் பெல்ட்டை நேராக்கி, வழுக்காமல் இருக்கப் பிசின் தடவி ஓட்டினான். முள் எழுந்தது. பல்புகள் முதலில் சிவந்து, பிறகு வெள்ளையாகப் பொங்கின. பந்தலில் ஒரே ஆரவாரம்.

"தப்பு என்னுதுங்க. கண்டுபிடிச்சது இந்த அம்மா" என்றான் அவன் கவுண்டரிடம், மறைக்காமல்.

அந்த வாரமே என்ஜின் பொறுப்பு பெருமாயியிடம் வந்தது. ஊரில் சிலர் சிரித்தார்கள். அவள் இரண்டு கையாலும் கைப்பிடியைச் சுழற்றி என்ஜினைக் கிளப்புவதைப் பார்த்தபின் சிரிப்பு அடங்கியது.

யுத்தம் வந்ததும் ஆயில் கிடைப்பது அரிதானது. விளக்கைக் குறைக்கச் சொன்னாள் பெருமாயி.

"டைனமோ எப்படியும் சுத்துது. ரெண்டு எரிஞ்சா என்ன, பன்னெண்டு எரிஞ்சா என்ன?" என்றார் கவுண்டர்.

"வெளக்கு ஏற ஏற டைனமோ கனக்குதுங்க சாமி. அதை இழுக்க என்ஜின் அதிகமா ஆயில் குடிக்குது. நீங்க ஊட்டுக்குப் போயி இஷ்டத்துக்குப் போடுங்க. எத்தனை எரியுதுன்னு சத்தத்தை வெச்சே சொல்றேன்."

அவர் போய்ச் சில விளக்குகளைப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"ஏழு, இல்லீனா எட்டுங்க."

எட்டு. கவுண்டர் மறுபடி வீட்டுக்குப் போய் ஐந்தை அணைத்தார். அன்று முதல் வீட்டில் மூன்று விளக்குகள்தான் எரிந்தன. மிச்சமான ஆயிலில் அந்தக் கோடை முழுக்கப் பருத்திக்குத் தண்ணீர் பாய்ந்தது.