இன்னும் ஒரு கம்பு

“காலை தானாகப் போனார். மதியம் பிடிக்க வேண்டியிருந்தது. இரவும் பிடித்தோம்.”

1994ஆம் ஆண்டு தை மாதத்துத் தினசரி நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் அம்மா பென்சிலால் எழுதிய வரிகள் இவை. கிழித்த தாள்களை எறியாமல் சணல் நூலில் கோத்து அரிசிப் பானைக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருந்ததால், இன்றும் அவற்றை மூக்கருகே கொண்டுபோனால் தவிட்டு வாசனை லேசாக அடிக்கிறது. அடிப்பதாக எனக்குத் தோன்றுகிறது என்று எழுதுவதே சரி. டாக்டரிடம் காட்டுவதற்காக அம்மா அப்படிக் குறித்து வந்தாள். ‘தானாகப் போனார்’ என்றால், அப்பா தாம் படுக்கும் முன்னறையிலிருந்து பின்கட்டில் இருந்த குளியலறைவரை, யாரும் கையைப் பிடிக்காமல் போய்த் திரும்பினார் என்று பொருள்.

அப்பாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. எனக்குப் பதினொன்று. திருநெல்வேலி டவுனை அடுத்த பேட்டையில், தெற்கு பார்த்த வீட்டில் நாங்கள் மூவர் இருந்தோம். பார்க்கின்சன் என்று பெயர் தெரியவரும் முன்பு உறவினர்கள் அதை ‘நடுக்குவாதம்’ என்றார்கள். கை நடுங்குவதுதான் பார்ப்பவர்கள் கண்ணில் பட்டது. அப்பாவை வாட்டியது வேறொன்று. நடந்துகொண்டிருக்கும்போதே பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னே சாயும், கால் வராது, உள்ளங்கால் இருந்த இடத்திலேயே படபடவென்று துடிக்கும். ‘தரை புடிச்சிக்கிட்டு’ என்பார், யாரோ தெரிந்தவன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்ட மாதிரி.

அம்மா வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் உடம்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டே வந்தாள். சட்டையின் பொத்தான்களை வெளிப்பக்கம் வெறும் அழகுக்குத் தைத்துவிட்டு, உள்ளே அமுக்கினால் பிடித்துக்கொள்ளும் ‘டிச்’ பட்டன்களை வைத்தாள். அப்பாவின் நாற்காலிக் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகள் கொடுத்து, உட்கார்ந்தால் எழுவது சுலபமாக இருக்கும்படி உயர்த்தினாள். அதில் நான் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. கட்டிலின் கால்மாட்டில் முடிச்சு முடிச்சாக ஒரு நைலான் கயிறு தொங்கியது, அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துத்தான் அவர் எழுந்து உட்காருவார். காபி எப்போதும் அரை டம்ளர்தான், சிந்தாமல் இருக்க. “என்ன இது, வேண்டா விருந்தாளிக்கு ஊத்துத மாதிரி” என்று தினமும் சொல்வார். தினமும் இரண்டாவது அரை டம்ளர் வரும்.

நடுக்கூடம் மட்டும் அவளுக்கு அடங்கவில்லை. நாங்கள் ‘பட்டாசாலை’ என்போம். வழவழப்பான சிவப்புத் தரை. முன்னறையிலிருந்து குளியலறைக்கு அதைக் கடந்துதான் போகவேண்டும். காலையில் அப்பா அதை ஒரு தடங்கலும் இல்லாமல் கடந்தார். மதியத்திலும் மாலையிலும் நடுவில் நட்டுவைத்த தூண்போல நின்றார். ஐப்பசி மழை நாட்களில் காலையிலும் நின்றார். குளிர்ச்சி, வாதம் என்று சொல்லி நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்தோம். காலை ஆறு மணி மாத்திரைதான் நன்றாகப் பிடிக்கிறது என்று அம்மா நினைத்தாள். அவள் குறிப்புகளில் மாத்திரை இருக்கிறது, மழை இருக்கிறது, மலச்சிக்கல்கூட இருக்கிறது. வெயில் என்ற சொல் ஒரு தாளிலும் இல்லை.

அப்பாவின் தம்பிக்கு டவுனில் இரும்பும் பெயின்டும் விற்கும் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா ஆட்டோ பிடித்து வந்து, அண்ணனைக் குறுக்குத்துறைக்குக் குளிக்கக் கூட்டிப்போவார். ஆற்றங்கரைப் பாதையில் அப்பா நூறு முறை நின்று நின்று வருவார். படித்துறை வந்ததும் பிடித்த கையை உதறிவிட்டு, படிப்படியாக, இளந்தாரிபோல இறங்கிவிடுவார், ஏறும்போதும் அப்படியே. மேலே சமதரையில் கால் பட்டதும் மறுபடி நின்றுவிடும். ஒரு ஞாயிறு, ஈரத்துண்டோடு சித்தப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்:

“அண்ணே, படியில ஆடு மாதிரி ஏறுதிய. தரைக்கு வந்தா மாடு மாதிரி நிக்கிய. இது என்ன நோக்காடு?”

“தெரியலையேல” என்றார் அப்பா.

“எனக்குத் தெரியுது. எல்லாம் மனசு. ஆளு புடிக்கும்னு தெரிஞ்சா காலு நிக்கத்தான் செய்யும்.”

அப்பாவின் முகத்தில் கோபமும் வருத்தமும் தெரியாதபடி அந்த நோய் எப்போதோ துடைத்துவிட்டிருந்தது; அதனால் அவருக்கு உறைக்கவில்லை என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ‘நடிப்பு’ என்ற சொல் அதன்பிறகு உறவு வீடுகளில் நடமாடத் தொடங்கியது.

வீட்டின் கிழக்கே ஒரு காலி மனை கிடந்தது. சவுதியில் பல வருடம் இருந்துவிட்டு வந்த மைதீன் பாய் அதை வாங்கி, அந்த வருடம் மாசியில் வீடு கட்ட அஸ்திவார வானம் தோண்டினார். பங்குனிக்குள் சுவர்கள் எங்கள் சன்னலுக்கு மேலே போய்விட்டன. அந்தப் பங்குனியில்தான் அப்பாவின் காலை நடையும் போயிற்று. சிமென்ட் தூசி என்றார்கள். இயந்திரச் சத்தம் நரம்புக்கு ஆகாது என்றார்கள். ஒரு மாமா வந்து திசைகாட்டி வைத்துப் பார்த்து, கிழக்கை அடைத்தால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு, இரண்டு தோசை அதிகமாகவே சாப்பிட்டுப் போனார். அம்மா பாயிடம் போய்ச் சத்தத்தைப் பற்றி மட்டும் சொன்னாள்.

“தங்கச்சி, இதுக்கா இவ்வளவு தயங்குதிய? காலையில கலவை மிஷின ஓட்ட வேண்டாம்னுட்டேன். அண்ணாச்சி நடக்கட்டும், இன்ஷா அல்லா” என்றார் அவர். சொன்னபடியே செய்தார். மிஷின் ஓடாத அமைதியான காலைகளிலும் அப்பா பட்டாசாலையின் நடுவிலேயே நின்றார்.

சித்திரையில் சித்தப்பா செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார். மருந்துக்கடையில் வாங்கிய ‘பேசின்’. படுத்தவாக்கிலேயே எல்லாம் முடித்துக்கொள்ளலாம், மதினிக்கும் இடுப்பொடியாது என்றார். அவர் சொன்னதில் அம்மாவின் மேல் அக்கறையும் இருந்தது, அதை மறைக்கக்கூடாது.

“அது மட்டும் வேண்டாம்ல” என்றார் அப்பா. “என் காலுல போறவரைக்கும் போறேன்.”

“போறவரைக்கும்னா? இப்பவே எங்க போறிய?”

அன்றிலிருந்து அப்பா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். நெல்லையின் சித்திரை வெயிலில், செம்பு நிறைய வைத்த தண்ணீர் சாயங்காலம் அப்படியே இருக்கும். கேட்டால், தாகமில்லை என்பார். சில நாளில் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தன. அம்மா தண்ணீர்ச் செம்பையும் கட்டிலடிப் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. இனி அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவேண்டியதுதான் என்று அவளும் ஏறக்குறைய முடிவு செய்திருந்தாள்.

பாளையங்கோட்டைக்கு டாக்டரைப் பார்க்கப் போகவேண்டிய நாள், வைகாசி பிறந்து சில நாட்களுக்குப் பிறகு. சித்தப்பா ஆட்டோவோடு வந்தார். ஆனால் ஆட்டோ வீட்டு வாசலுக்கு வர முடியவில்லை. மைதீன் பாய் வீட்டுக் கூரைக்குக் கான்கிரீட் போட இருந்தார்கள். முட்டுக் கொடுப்பதற்கான சவுக்குக் கம்புகளை அப்போதுதான் வண்டியிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளியிருந்தார்கள். தெருவின் குறுக்கே, கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டு, ஏணிப்படிகள் மாதிரி அவை கிடந்தன. அம்மா ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து அப்பாவை வாசலுக்கு வெளியே கொண்டுவந்தோம்.

“அண்ணாச்சி, பைய! கம்பு கெடக்கு, தட்டி விட்ரும்! ஏலே, எடுத்துப் போடுங்கலே!” என்று கொத்தனார் சாரத்தின் மேலிருந்து கத்தினார்.

ஆட்கள் வருவதற்குள் அப்பா, “விடு” என்றார். எங்கள் கைகளை உதறினார். முதல் கம்பை உற்றுப் பார்த்து, நாரைபோல முழங்காலை உயர்த்தித் தாண்டினார். அடுத்தது. அதற்கடுத்தது. கொத்தனார் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். அம்மா நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. எல்லாக் கம்பையும் ஒரே வேகத்தில், யாருடைய துணையும் இல்லாமல், அப்பா தாண்டினார்.

ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்ற சித்தப்பா கைதட்டினார். “பாத்தியளா மதினி? நான் சொன்னேம்லா! வீட்டுக்குள்ள ஒரு எட்டு வைக்க ரெண்டு ஆளு வேணும். இங்கன பாருங்க, சர்க்கஸே காட்டுதாரு!”

கடைசிக் கம்புக்கு அப்பால் வெறும் மண் தரை. அங்கே அப்பா நின்றுவிட்டார். உள்ளங்கால் துடித்தது. நெற்றியில் வியர்வை வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது. முகம் வழக்கம்போல எதையும் சொல்லவில்லை. குரல் மட்டும் வந்தது.

“லே, இன்னும் ஒரு கம்பு போடு.”

“என்னது?”

“கம்புல. என் காலுக்கு முன்னால போடு.”

சித்தப்பா அசையவில்லை. அம்மாதான் பின்னால் கிடந்த ஒரு கம்பை இழுத்துவந்து அப்பாவின் முன்னே போட்டாள். அவர் தாண்டினார், நின்றார். அம்மா அடுத்த கம்புக்குக் குனிந்தபோது, “மதினி, நீங்க விடுங்க” என்ற குரல் கேட்டது. சலவை மடிப்புக் கலையாத வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சித்தப்பா கம்பைத் தூக்கினார். போட்டார். அப்பா தாண்டினார். தாண்டிய கம்பையே சித்தப்பா எடுத்து மறுபடி முன்னால் போட்டார். அண்ணனும் தம்பியும் அப்படியே ஆட்டோவரை போனார்கள், ஒருவர் போட, ஒருவர் தாண்ட.

“அண்ணாச்சி, கம்பையும் ஏத்திக்கிடவா?” என்றார் ஆட்டோக்காரர். அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். நோய் முகத்தைத்தான் எடுத்துக்கொண்டது, சிரிப்பை விட்டுவைத்திருந்தது.

டாக்டருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இந்த நோயில் சிலருக்கு இப்படி உண்டு, தாண்டுவதற்கு ஒன்று கண்ணில் பட்டால் நின்ற கால் எழும், படிக்கட்டும் அப்படித்தான் என்றார். நடிப்பா என்று சித்தப்பா கேட்கவில்லை. கேட்க வாயெடுத்ததை நான் பார்த்தேன்.

வீடு திரும்பியதும் அம்மா பட்டாசாலையில் வெகுநேரம் நின்றாள். பிறகு கிழக்குச் சன்னலைக் காட்டி, “இங்கன கம்பி நெழல் விழும்லா” என்றாள். காலை வெயிலில் சன்னலின் இரும்புக் கம்பிகள் அந்தச் சிவப்புத் தரையின் குறுக்கே வரிவரியாக நிழல் போட்டுக்கொண்டிருந்தன, புதுச்சுவர் எழும்பும்வரை. மழை நாளில் அவை விழாது. மதியத்தில் விழாது. அத்தனை வருடமும் அப்பா நிழலைத் தாண்டித் தாண்டித்தான் குளியலறைக்குப் போயிருக்கிறார். அது அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலமே அம்மா என் சாக்பீஸால் தரையில் கோடுகள் இழுத்தாள். அப்பா தனியாகப் போனார், தனியாக வந்தார், வந்ததும் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார். சாக்பீஸ் மறுநாள் துடைப்பத்தோடு போயிற்று. அரிசிமாவை எறும்பு தின்றது. வெள்ளை டேப் ஒட்டினால் ஓரம் சுருண்டு வேட்டியைப் பிடித்தது. கடைசியில் சித்தப்பா தம் கடையிலிருந்து ஒரு டப்பா வெள்ளைப் பெயின்டும் இரண்டு பிரஷும் கொண்டுவந்து வைத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போனார். அப்பாவின் எட்டுக்கு அளந்து அம்மா கோடு போட்டாள். குளியலறைக்குத் திரும்பும் முனையில், திரும்பும்போது கால் நிற்காமலிருக்க, விசிறி மடிப்புப்போல விரித்துப் போட்டாள். வந்தவர்கள் சிரித்தார்கள். “என்ன அண்ணாச்சி, வீட்டுக்குள்ள ரோடு கிராஸ் பண்ணுதியளா?” என்றால், “ஆமா, போலீஸ் லீவு. பாத்துப் போரும்வே” என்பார். கட்டிலடிப் பொட்டலம், சுற்றிய செய்தித்தாளோடு பிரிக்கப்படாமலேயே பரணுக்குப் போயிற்று.

மறு வருடம் பங்குனியில் ஒரு காலை வாசல் தெளிக்கக் கதவைத் திறந்த அம்மா, அப்படியே நின்று என்னைக் கூப்பிட்டாள். எங்கள் வாசலிலிருந்து தெருமுனை டீக்கடைவரை, தெருவின் குறுக்கே சுண்ணாம்புக் கோடுகள், வரிசையாக. அப்பாவை அழைத்துவந்து காட்டினோம். வெகுநேரம் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். அன்று அவர் தனியாகப் போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அரை கிளாஸ் டீ கேட்டு, பத்திரிகை படித்துவிட்டு வந்தார். கோடுகள் மழையில் கரையும். சில நாளில் மறுபடி வந்திருக்கும். 1999 மார்கழியில் அப்பா இறந்தார். அதற்கு முந்தைய மாதம்வரை தம் காலிலேயே போய்வந்தார் என்று அம்மாவின் தாள்கள் சொல்கின்றன.

சென்ற ஆண்டு அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். சிமென்ட் சாலை போட்டிருக்கிறார்கள். வீட்டை வாங்கியவர்கள் பட்டாசாலைக்குப் பளபளக்கும் டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். கோடுகள் அதற்கு அடியில் இருக்கின்றனவா, சுரண்டி எடுத்துவிட்டார்களா என்று நான் கேட்கவில்லை. டீக்கடை இல்லை. மைதீன் பாய் காலமாகிவிட்டார்.

தெருக்கோடுகளைப் போட்டது யார் என்று அந்த நாட்களிலேயே கேட்டுப் பார்த்தோம். பாய் தமக்குத் தெரியாது என்றார். அவர் வீட்டில் வெள்ளையடித்த சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. சித்தப்பா கடையிலும் சுண்ணாம்பு உண்டு. தெருக்கோடுகளின் இடைவெளி அம்மா போட்டதைவிடச் சற்று அகலம், நெட்டையான ஒருவர் தம் எட்டுக்கு வைத்த மாதிரி. சித்தப்பா நெட்டை. பாயும் நெட்டைதான். ஊரிலிருந்து திரும்பும் வழியில் சித்தப்பாவைப் பார்த்து இதைக் கேட்டேன். எழுபத்தெட்டு வயது, இப்போது காது மந்தம். இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

“எனக்கு வேற சோலி இல்லையாக்கும்?” என்று சொல்லிவிட்டு, வெளியே தெருவைப் பார்க்கத் தொடங்கினார்.

ஆகவே, கோடு போட்டவர் யார் என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.