குணவதி வலப்பக்கம் திரும்பினாள்

என் தம்பி பெண்டாட்டி குணவதி கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபமெல்லாம் எனக்குத்தான். அவளுக்கு வருவது பிடிவாதம்.

பாலிங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, வாழ்க்கைப்பட்டு எங்கள் ஊர் ஜித்ராவுக்கு வந்தவள். கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. இனிப்புநீர் வியாதி வந்தபோது டாக்டர் நடக்கச் சொன்னார் என்று ஏரிப் பூங்காவுக்குப் போனாள். நடந்தாளா? நான்கு வாரம்கூட இல்லை. அப்புறம் பார்த்தால் மகராசி சேற்றுக்கரையில் குந்திக்கொண்டு குருவி பார்க்கிறாள்.

வெயில் காலத்தில் ஏரி வற்றி, இடப்பக்கக் கரையில் சேறு தெரியும். மாசி, பங்குனியில் உள்ளான், உப்புக்கொத்தி என்று வலசைப் பறவைகள் அங்கே வந்து இறங்கும். ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். சுண்டெலி மாதிரி ஓடுகிற இதையா வேலை வெட்டி இல்லாமல் பார்க்கிறாய் என்று கேட்டேன். பைனாகுலரை என் கையில் திணித்தாள். ஓர் உப்புக்கொத்திக்கு வயிறு பாதி கறுத்திருந்தது. முழுக்கக் கறுத்தால் கிளம்பிவிடும் என்றாள். வடக்கே சைபீரியாவுக்குப் போய்த்தான் முட்டையிடுமாம். இங்கே புழு தின்று கொழுத்துக்கொண்டால்தான் அவ்வளவு தூரம் தாங்கும், எலும்பும் தோலுமாகக் கிளம்பினால் வழியிலேயே விழுந்து செத்துவிடும் என்றாள். ஒரு காலைப் பொழுது அதைத் துரத்தினால்கூட அதற்கு நஷ்டம்தானாம். நான் சரி சரி என்று சொல்லிவிட்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

எங்கள் அம்மன் கோயில் திருவிழாவும் பங்குனியில்தான். ஒன்பது நாள் இருட்டறையில் நவதானியம் முளைக்கவிட்டு, அந்த முளைப்பாரியைப் பெண்கள் தலையில் சுமந்து போய் ஏரியில் கரைப்போம். முதல் முளைப்பாரி குணவதியுடையது. அவளுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் யோகேஸ்வரி. பிள்ளை இல்லாதவள் என்று ஒரு காலத்தில் குணவதியை வளைகாப்புக்குக்கூட யாரும் கூப்பிட்டதில்லை. அவள் கைபட்ட விதை முழங்கை உயரம் வளர்வதைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் வாயை மூடியது, முதல் இடத்தையும் கொடுத்தது. அந்த ஒரு நாளைக்காக அவள் வருஷம் முழுக்கக் காத்திருப்பாள்.

எப்போதும் வலப்பக்கம் இருக்கும் படித்துறையில்தான் கரைப்போம். இந்த வருஷம் கோயில் தலைவர் சிவநேசன் சேற்றுக்கரைக்கு மாற்றினார். படித்துறைக்கு ஏரியைச் சுற்றிப் போக வேண்டும், தார் ரோடு கொதிக்கிறது, வயதானவர்கள் தாங்க மாட்டார்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கூட்டத்தில் குணவதி எழுந்து, பறவைகள் இன்னும் கிளம்பவில்லை, உருமியும் பட்டாசுமாக அத்தனை பேர் அந்தச் சேற்றில் இறங்கினால் அவை எங்கே போகும் என்று கேட்டாள். ஆத்தா திருவிழாவா குருவிக் கல்யாணமா என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சிவநேசன் சிரிக்கவில்லை.

"மொத எடம் வேணும்னா கூட்டம் சொல்றபடி நடம்மா. இல்லன்னா வேற ஆள் தூக்கட்டும்."

வீட்டுக்கு வரும் வழியில் நானும் பிடித்துத் திட்டினேன். ஊரோடு ஒத்து வாழடி, உனக்கென்று இருக்கிற ஒரே மரியாதை அதுதான், குருவிக்காக அதையும் தொலைத்துவிடாதே என்றேன். தெரியும்க்கா என்றாள். அவ்வளவுதான். சரி, அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

திருவிழா அன்று பூங்கா வாசலுக்கு உள்ளே பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. உருமிக்காரப் பையன்கள் அடித்துக்கொண்டே இடப்பக்கம் போனார்கள். குணவதி வலப்பக்கம் திரும்பினாள்.

தூக்கிய முளைப்பாரியைத் தண்ணீர் சேரும்வரை தரையில் இறக்கக் கூடாது, சுமப்பவளைத் தொட்டுத் தடுக்கக் கூடாது, வைத்த அடியைப் பின்வாங்கக் கூடாது. சிவநேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"குணா, திரும்பும்மா."

"முளைப்பாரி திரும்பக் கூடாதுண்ணே. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

நின்றுகூடப் பேசவில்லை. சொல்லிக்கொண்டே நடந்தாள். அவர் என்னிடம் வந்தார்.

"உமாராணிக்கா, நீங்களாவது லெஃப்டுல வாங்க லா. மத்தவங்க உங்க பின்னாடி வந்துருவாங்க."

உண்மைதான். நான் இடப்பக்கம் போயிருந்தால் அவள் தனி ஆளாக ஏரியைச் சுற்றியிருப்பாள், ஊரே கைகொட்டிச் சிரித்திருக்கும். எனக்கு உள்ளங்கால் எரிந்தது. முன்னால் அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வருவேனா மாட்டேனா என்று அவளுக்கும் தெரியாதுதானே. பிடிவாதம் பிடித்தவளே, நீ நாசமாய்ப் போக என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே வலப்பக்கம் நடந்தேன். யோகேஸ்வரி வந்தாள். எல்லோரும் வந்தார்கள். உருமிப் பையன்கள் புல்தரையில் குறுக்கே ஓடி முன்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். படித்துறையிலேயே கரைத்தோம்.

மறு வாரம் கூட்டம் போட்டு அவளிடமிருந்து முதல் இடத்தைப் பிடுங்கிவிட்டார்கள். இனி அவள் முளைப்பாரியே தூக்கக் கூடாதாம். செய்தியை நான்தான் போய்ச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. தப்புப் பண்ணிவிட்டாயே என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, இல்லைக்கா என்றாள். விடிந்ததும் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு நானும் கூடப் போனேன். பறவைகள் சேற்றில்தான் மேய்ந்துகொண்டிருந்தன. சிலவற்றுக்கு வயிறு கரிச்சட்டியாகக் கறுத்திருந்தது.

சிவநேசன் போன வாரம் என் வீட்டுக்கு வந்து, முதல் முளைப்பாரியை அடுத்த வருஷம் நான் தூக்க வேண்டும் என்றார். தூக்குகிறேன், ஆனால் நானும் படித்துறைக்குத்தான் நடப்பேன் என்றேன். காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார். இப்போது யோகேஸ்வரியைக் கேட்கலாம் என்றிருக்கிறாராம். தாராளமாகக் கேட்கட்டும். நேற்றுக் காலையில்தான் அவளைச் சேற்றுக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், பைனாகுலரைக் கையில் கொடுத்து உட்காரவைத்தேன்.