குழாய் விட்ட மூச்சு

நின்றுபோன தண்ணீர் திரும்பி வரும்போது குழாய் முதலில் 'புஸ்ஸ்' என்று காற்றை விடுமே, அதை இன்று எங்கள் பன்னிரண்டாவது மாடியில் கேட்டேன். அவ்வளவுதான், பழைய தாராவிச் சந்துக்கே போய்விட்டேன். விடியலில் அந்தச் சத்தம் கேட்டதுமே அம்மா, "ஏட்டி, தண்ணி வந்துட்டு!" என்று எல்லாரையும் எழுப்புவாள். குடங்கள் முட்டிக்கொள்ளும், சண்டை வரும், பிறகு சண்டை போட்டவர்களே சேர்ந்து உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

"அந்தக் காலம் நல்லாருந்துச்சுல்லாம்மா?" என்றேன்.

"போலே! பாத்தவனுக்குக் குடம் அழகு, சுமந்தவளுக்கு இடுப்புவலி."

சொன்னவள்தான் எழுந்துபோய் வாசலைத் திறந்து, மூடிக் கிடந்த கதவுகளைப் பார்த்து, "தண்ணி வந்துட்டு!" என்று கத்தினாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

கோடியில் ஒரு கதவு திறந்தது. இதுவரை எங்களோடு பேசியே இராத பெண், "பானி ஆயா, மௌசி?" என்று, தண்ணீர் வந்துவிட்டதா சித்தி என இந்தியில் கேட்டுச் சிரித்தாள்.

"ஆயா, ஆயா!" என்ற அம்மா, அவளை டீ குடிக்கக் கூப்பிட்டாள்.