காதர் அண்ணன் கை வைத்த இடம்

உத்தமபாளையம் சந்தையில் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏலக்காய் வியாபாரி காதர் அண்ணன் மௌத்தாகிவிட்டார் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அண்ணன் இறந்துபோனார் என்று கேட்டதும் என் கை தானாக வயிற்றுக்குப் போனது. அவரை அறிந்த ஊர்க்காரர்கள் உங்களுக்கு ஏன் என்று தெரியும். என் வாயால் நான் இதுவரை சொன்னதில்லை.

எங்கள் கண்மாய் வற்றுகிற வருசம் மீன் வேட்டை நடக்கும். ஊரே சேற்றில் இறங்கும். ஒரு தடவை பெரிய விரால் எனக்குத்தான் அகப்பட்டது. கரையேறி ஒரு கையில் விராலைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் அவித்த மரவள்ளிக்கிழங்கை வாயில் அடைத்துக்கொண்டு, "ஏலே, கெண்டைக் குஞ்சு பிடிக்கவா இம்புட்டு வலை கொண்டாந்தீக?" என்று ஆண்களைப் பார்த்துக் கத்தினேன். கிழங்கு தொண்டையை அடைத்துவிட்டது.

இருமல் வரவில்லை, சத்தமும் வரவில்லை. "அடியாத்தி, இவளுக்கும் பேச்சு நின்னுபோச்சே!" என்று சிரித்தார்கள். என் நாத்தனார் பேச்சியம்மாள், "யாரோ நெனைக்கிறாக" என்று உச்சந்தலையில் தட்டினாள். ஒருத்தி தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள்.

"தண்ணி ஊத்தாதீக! தலையில தட்டாதீக!" என்று காதர் அண்ணன் சேற்றோடு ஏறி வந்தார். என்னை முன்பக்கம் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கி ஓங்கி அடித்தார். அசையவில்லை. பின்னால் நின்று இரு கைகளாலும் வளைத்து, தொப்புளுக்கு மேல் கையைப் பொத்தி வைத்து, உள்ளேயும் மேலேயுமாக வெடுக்கென்று இழுத்தார். மறுபடி இழுத்தார். ஊர் பார்க்க என் சேலை விலகியது. கிழங்கு தெறித்து விழுந்தது.

கிடைத்த முதல் மூச்சில் நான் கத்தினேன்: "எவன்டா அது, கையை எடுடா!"

அவர் சிரித்தார். "வசவு வந்துருச்சுல்ல? மூச்சு வந்துருச்சு."

அதன்பிறகு அவர் கடைத்தெருவை விட்டே சுற்றிப் போனேன். அடுத்த வேட்டைக்கு முன்னால் அவரே வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, தொண்டை அடைப்பு எடுக்கிறதை ஆம்பளைகளுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். பொம்பளைக கிட்டவே வர மாட்டேங்கிறாக. நீ சொன்னாக் கேப்பாக ஆத்தா."

"அந்தப் பேச்சை எடுக்காதீக அண்ணே. ஒருதரம் மானம் போனது போதும்."

"மானம் திரும்பி வந்துரும் தாயி. மூச்சு வருமா?"

நான் கதவைச் சாத்தினேன். அந்தக் கதவுச் சத்தம்தான் இன்று என் முகத்தைத் தூக்கவிடாமல் செய்கிறது.

துக்கவீட்டில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ அன்னிக்கு வஞ்ச வசவு மாதிரி இனிப்பான சத்தம் கேட்டதில்லைன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக" என்றார்.

பக்கத்தில் ஒரு பெண்ணுக்குத் தேநீர் புரையேறி இருமல் வந்தது. பேச்சியம்மாள் கை அந்தத் தலைக்கு நீண்டது. எட்டிப் பிடித்தேன்.

"விடுடி. இருமுறால்ல, நல்லா இருமட்டும். இரும முடியாமப் போறப்பத்தான் ஆபத்து. அப்ப என்ன செய்யணும்னு காட்டுறேன், எந்திரி."

"இங்கனயா மதினி? துக்கவீட்டுலயா?"

"இங்கனதான்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றேன். அவள் கையை எடுத்து என்மேல் வைத்து, அழுத்தாமல், இடத்தை மட்டும் காட்டினேன். பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

மீன் வேட்டையன்று அந்த இடம் கன்றிப்போயிருந்ததை வீட்டிலும் காட்டாமல் மறைத்தவள் நான். தொப்புளுக்கு மேலே, நெஞ்செலும்புக்குக் கீழே. அண்ணன் எனக்கு விட்டுப்போனது அந்த இடம்தான். இனி அதை மறைக்க மாட்டேன்.