அண்ணன் அடித்த பெயின்ட்டும் அக்கா விற்காத காரும்

இன்று தையல்கார அக்காவைப் பார்த்தேன். தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கத்தான் போனேன். வந்ததும் வராததுமாக டைப் அடிக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா தனி ஆள். ஆஸ்பத்திரிகளுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறார். மூட்டையை ஏற்றிப் போக ஒரு பழைய கார். அது இருப்பதால்தான் ஊரின் அந்தக் கோடி வரைக்கும் போய் ஆர்டர் பிடிக்கிறார். போன வாரம் அது ஒரு ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்துவிட்டது. அவருடைய அண்ணன்தான் கயிறு கட்டி இழுத்து வந்தாராம். கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர் அவர். போன மாதம்தான் தங்கச்சி காருக்கு உள்ளும் புறமும் ஆசை ஆசையாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார். இப்போது அவரே, காரை விற்றுவிடலாம், இனி டெலிவரியெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ மெஷின் முன்னால் உட்கார் என்று முடிவே கட்டிவிட்டார்.

நான் போனபோது, அண்ணன் வரவழைத்த கார் புரோக்கர் இழுவை வண்டியோடு வாசலில் நிற்கிறார், பக்கத்தில் அண்ணன். அக்கா கழுத்தில் அளவு டேப்போடு பானெட்டுக்குள் குனிந்திருக்கிறார்.

ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது, செலவு செய்வது வீண் என்றார் புரோக்கர். அக்கா காதிலேயே வாங்கவில்லை. என்னை உள்ளே உட்காரவைத்து, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாவியைத் திருப்பச் சொன்னார். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் போட்டு வைத்திருந்த ஹெட்லைட் மங்கவே இல்லை.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. கரன்ட்டுதான் எங்கயோ முட்டிக்கிட்டு நிக்குது."

ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் மாட்டினார். மறுமுனையை எஞ்சினில் வெறும் இரும்பு தெரிந்த இடத்தில் கவ்வவிட்டார். மறுபடி திருப்பினேன். எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, சத்தியமாக.

அப்படியென்றால் மோட்டாரில் கோளாறு இல்லை, எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஒயரில்தான் கோளாறு. எஞ்சினை அணைத்து, பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, அந்த ஒயரின் போல்ட்டைத் திருகி எடுத்தார். அடியில் பளபளவென்று புதுப் பெயின்ட். அண்ணன் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, அடியிலும் ஒரு பொட்டு விடாமல் அடித்திருக்கிறார். பெயின்ட்டைத் தாண்டிக் கரன்ட் எப்படிப் போகும்? போல்ட்டின் மரை வழியாக இத்தனை நாள் தட்டுத்தடுமாறிப் போயிருக்கிறது, போன வாரம் அதுவும் நின்றுவிட்டது.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "என் வேலையில குறை சொல்றியா பாப்பா?"

"குறையே இல்லண்ணா. கொஞ்சம் குறை வச்சிருந்தா வண்டி ஓடியிருக்கும்."

புரோக்கரே சிரித்துவிட்டார். அண்ணன் மட்டும் விடவில்லை. இன்றைக்கு ஓடும், நாளைக்கு எங்கேயாவது நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டார். அக்கா உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்தபடியே, நிமிராமல் சொன்னார்.

"நின்னா இறங்கிப் பாப்பேன். வண்டி ரிப்பேர்னா வண்டியைச் சரி பண்ணணும்ணா. என்னை வீட்டுல உக்கார வச்சா அது சரியாயிடுமா?"

அண்ணன் ஸ்பேனரை எடுத்து, போல்ட்டை அவரே இறுக்கினார். பேட்டரி மைனஸை மாட்டிச் சாவியைத் திருப்பியதும், கேபிள் இல்லாமலே வண்டி ஸ்டார்ட் ஆனது. புரோக்கர் வெறும் இழுவை வண்டியோடு திரும்பிப் போனார். அக்கா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். என் சட்டைக்கு இன்னும் பட்டன் வைக்கவில்லையாம். பரவாயில்லை அக்கா.

வண்டி நின்றதைச் சாக்காக வைத்து வீட்டில் உட்காரச் சொல்லப்படும் பெண் உங்களுக்குத் தெரிந்த யாராவது இருந்தால், இதை அவருக்கு அனுப்புங்கள். உட்காரச் சொல்பவருக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.