மாவு படிந்த தலை

சாரம் பகுதியில் ஒரு மாவு மில்லில் நிற்கிறேன். அரைபட்ட கோதுமையின் சூடான வாசனையில், பாவாடை கட்டிய சிறுமியாகிவிடுகிறேன்.

எங்கள் அப்பாவும் மில் வைத்திருந்தார். நான் எழும் முன்பே போய்விடுவார். எனக்குக் கண் சொருகும்போதுதான் திரும்புவார். தலை, புருவம், இமை எல்லாம் மாவு. என்னைத் தூக்கிக்கொண்டால் அவர் கழுத்து வெதுவெதுவென்று மணக்கும். அந்த வெள்ளைதான் எனக்கு அப்பா.

ஒருநாள் முழுக்கக் கரண்ட் இல்லை, மில் ஓடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கூடத்தில் கருகருவென்ற தலையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, யாரோ வந்திருக்காங்க!"

"உங்கப்பாதான்டி! குளிச்சிட்டு உக்காந்திருக்காரு."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

மில்லை விற்றாயிற்று. இப்போது அப்பா நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். குளித்துவிட்டு வந்தாலும் தலை வெள்ளையாகவே இருக்கிறது.